என் தட்டில் கறி இல்லை

அன்று காலை நான் ஒற்றைச் செருப்போடு அங்கன்வாடிக்குப் போனேன். வீட்டிலிருந்து மையம் நடக்கிற தூரம்தான். வழியில் எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை. குழந்தையை விட வந்த ஒரு பெண் வாசலில் நின்று, "இன்னா டீச்சர், ஒத்த செருப்போட வர்றீங்க?" என்று சிரித்தாள். குனிந்து பார்த்தேன். காலில் செருப்பு இருந்தது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

மதியம் சோறும் முட்டையும் பரிமாறினேன். பிள்ளைகளை இரண்டு வரிசையாக, எதிரும் புதிருமாக உட்கார வைப்பது வழக்கம். பரிமாறி முடித்துப் பாத்திரத்தை மூடினேன். அழுகைச் சத்தம் கேட்டது. வெளியிலிருந்து வருகிறது என்று நினைத்து, வலது பக்கத்து ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றேன். சமையல் உதவியாளர் சாந்தி ஓடி வந்தார்.

"டீச்சர், இந்தாண்ட புள்ளைங்களுக்கு வெக்கவே இல்லியே?"

"எந்தாண்ட?" என்றேன்.

சாந்தி என் முகத்தையே பார்த்தார். வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்ததாம். என் இடது கையைத் தூக்கி விட்டிருக்கிறார். அது தொப்பென்று விழுந்ததாம். எனக்கு அது நினைவில்லை. வலி இல்லை, தலைசுற்றல் இல்லை. வலித்திருந்தால் காலையிலேயே யாரிடமாவது சொல்லியிருப்பேன்.

என் பெயர் கலா. வயது நாற்பத்தாறு. காவாந்தண்டலத்தில் இருக்கிறேன். என் கணவர் ஏழுமலை டிராக்டர் ஓட்டுகிறார். பக்கவாதம் வந்த ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு, 'கையும் காலும் நன்றாகத்தானே இருக்கின்றன, பிறகு ஏன் இந்த மனுஷி இப்படி நடந்துகொள்கிறாள்' என்று தெரியாமல் தவிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த மனுஷியாக இருந்தவளுக்கும் அப்போது அது தெரியாது.

காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் வலது பக்கத்தில் ஒரு இரத்தக் குழாய் அடைபட்டிருந்தது. அடைப்பைக் கரைக்கும் ஊசியை முதல் நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். ஒற்றைச் செருப்போடு நடந்த நேரத்தை ஆரம்பமாக வைத்தால் அந்தக் கெடு தாண்டிவிட்டது. மாத்திரைகளால்தான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். பிரஷர் எத்தனை வருஷமாக இருக்கிறது என்று கேட்டார். பார்த்ததே இல்லை என்றேன். கர்ப்பிணிப் பெண்களை மாதம் தவறாமல் பிரஷர் பார்க்க அனுப்பி வைக்கிறவள் நான்.

பத்து நாளில் நடந்தேன். இடது கை விரல்களில் மட்டும் வலு குறைவு. பக்கத்துக் கட்டில்களில் பேச்சு போனவர்களும் எழுந்து உட்கார முடியாதவர்களும் இருந்தார்கள். நான் தப்பித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

வீட்டுக்கு அனுப்பும் முன் டாக்டர் ஒரு தாளைக் கொடுத்து, ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். வட்டம் போட்டேன். எண்களை எழுதினேன். எனக்குத் திருப்தியாக இருந்தது. டாக்டர் அதை என் கணவரிடம் காட்டினார். பன்னிரண்டு எண்களும் வட்டத்தின் வலது பாதியில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றனவாம்.

"இவங்களுக்கு இடது பக்கப் புறக்கணிப்பு இருக்கு" என்றார். (கண் நன்றாக இருந்தும், இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை பொருட்படுத்தாத நிலை.) "சாப்பிடறப்ப, நடக்கறப்ப கூட இருந்து கவனிங்க. ஒரு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க. பயிற்சி இருக்கு."

என் கணவர் கையில் ஸ்கேன் உறை, மாத்திரைச் சீட்டு, சாப்பாட்டுச் சீட்டு என்று பல காகிதங்கள் இருந்தன. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஊருக்கு வந்து கேட்டவர்களிடம் எல்லாம், "கண்ணுல கொஞ்சம் பவர் கம்மியாம். போகப் போக செரியாப் பூடும்" என்றார். டாக்டர் சொன்னதை அவர் அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தார். நான் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன். இரண்டும் நன்றாகத் தெரிந்தன. டாக்டருக்குத்தான் ஏதோ குழப்பம் என்று முடிவு செய்தேன்.

என் மகளுக்குக் கைக்குழந்தை. அவளால் வந்து இருக்க முடியவில்லை. என் நாத்தனார் அஞ்சலை வந்தாள். என் கணவரின் ஒரே தங்கை. திருப்புலிவனத்தில் இருக்கிறாள். அவள் புருஷன் கட்டட வேலைக்குச் சென்னை போய்விட்டு மாதம் ஒரு முறை வருவான். அவள் களை எடுக்கவும் நாற்று நடவும் கூலிக்குப் போகிறவள். அது நடவு நேரம். வேலையை விட்டுவிட்டு ஒரு பையோடு வந்து இறங்கினாள்.

சாப்பாட்டுச் சீட்டில் உப்பும் எண்ணெயும் குறைவு, தோல் நீக்கிய கோழி, காய்கறி நிறைய என்று இருந்தது. அஞ்சலை அதை ஒரே சட்டியில் முடித்துவிட்டாள். அடி தட்டையான அகலச் சட்டியில் ஒரு கரண்டி எண்ணெய், பூண்டு, வெங்காயம், அதன் மேல் கோழித் துண்டுகள், மஞ்சள், மிளகுத்தூள். கோழி விடுகிற தண்ணீரிலேயே அது வேகும். தண்ணீர் சுண்டி வரும்போது மெல்லிசாக நறுக்கிய கோஸை மேலே கொட்டி மூடுவாள். கோஸ் வதங்கி இறங்கியதும் ஒரு கிளறு. அவ்வளவுதான். எனக்கு மதியமும் இரவும் வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. வாரத்தில் மூன்று நாள் அதுதான்.

முதல் தடவை வைத்தபோது நன்றாக இருந்தது. ஆனால் தட்டில் சோறும் கோஸும் மட்டும் இருந்தன. கோழி வாசனை வந்தது. கோஸில் கோழியின் ருசி இருந்தது. கோழி இல்லை. எனக்கு ஆகாது என்று எடுத்துவிட்டாள் போல என்று நினைத்தேன்.

இரண்டாவது தடவையும் அப்படித்தான். எதிரில் உட்கார்ந்து அவள் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது தடவை என் கணவரிடம் சொன்னேன். "எனக்கு வெறும் கோஸுதான் வெக்கிறா."

"நீதான் கறிய அப்டியே வெச்சிட்டு எழுந்துக்கற. பசி இல்லன்னு நெனச்சேன்" என்றார்.

அவர் தங்கைக்குப் பரிந்து பேசுகிறார் என்றுதான் எனக்குப் பட்டது. இன்னொரு பக்கம், அவர் பொய் சொல்லுகிற ஆள் இல்லையே என்றும் தோன்றியது. இரண்டையும் ஒன்றாக வைத்து யோசிக்க என்னால் முடியவில்லை. யோசிக்க ஆரம்பித்தால் தலைக்குள் ஏதோ நழுவிப் போனது.

அந்த நாட்களில் எல்லாமே அப்படித்தான் இருந்தது. என் மூக்குக் கண்ணாடி காணாமல் போகும், சற்று நேரத்தில் மேஜை மேலேயே இருக்கும். செய்தித்தாளை எடுத்தால் எந்த வரியும் பொருள் தராது. வரிகள் நடுவிலிருந்து ஆரம்பித்தன. எங்கள் ஊர் பக்கம் வரும் பேருந்தின் பலகையில் 'மேரூர்' என்று எழுதியிருந்தது. அது எந்த ஊர் என்று என் கணவரைக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். என்னைச் சுற்றி யாரோ சின்னச் சின்னதாக எதையோ மாற்றி வைக்கிறார்கள் என்று தோன்றியது. வீட்டில் புதிதாக வந்திருந்தவள் அஞ்சலை மட்டும்தான்.

குழாயடியில் பக்கத்து வீட்டுப் பெண் "ஒடம்பு எப்படிக் கீது?" என்று கேட்டபோது என் வாயிலிருந்து வந்துவிட்டது. "ஒடம்புக்கு இன்னா, நல்லாத்தான் கீது. கறி எல்லாம் நாத்தனாருக்கு, கோஸு எனக்கு." அவள் ஐயோ என்றாள். சாயந்திரத்துக்குள் அது தெரு முழுக்கப் போய்விட்டது.

மறுநாள் மதியம் அஞ்சலை தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

"அண்ணி, நான் கறி வெக்கலன்னு சொல்லிக்கினு கீறியாமே?"

"வெக்கலதானே."

"தட்டுல கீது பாரு."

பார்த்தேன். சோறு. கோஸ். "எங்க கீது?"

அவள் குனிந்து, எங்கிருந்தோ நான்கு துண்டுகளை எடுத்துச் சோற்றின் மேல் வைத்தாள். எலும்பில்லாத நல்ல சதை. அவை எங்கிருந்து வந்தன என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாதபோது ஒரு பதில் தானாக வந்து நின்றது.

"உன் தட்டுலேந்து எடுத்து இப்பக் கொண்டாந்து வெக்கிற. கேட்டாதான் வெப்பியா? துன்னுட்டு மிச்சத்தக் குடுக்கறியா?"

அஞ்சலை அந்தத் துண்டுகளையே பார்த்தாள். பிறகு, "எலும்பு வாயில மாட்டிக்கும்னு பொறுக்கிப் பொறுக்கி உனக்குன்னு தனியா வெச்சேன் அண்ணி" என்றாள். உள்ளே போய்த் துணிகளைப் பையில் திணித்தாள். மூன்று மணிப் பேருந்தில் போய்விட்டாள். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு நாள் என் கணவர் கடையில் சாப்பாடு வாங்கி வந்தார். மூன்றாம் நாள் அவர் உழவு ஓட்டப் போனதும் நானே சமைக்க எழுந்தேன். உத்திரமேரூரில் வெட்டி வாங்கிய கோழி இருந்தது. ஒரு கோஸ் இருந்தது. முப்பது வருஷமாக அடுப்பில் நிற்பவளுக்கு இது ஒரு வேலையா?

கோஸை நறுக்கினேன். சட்டியை வைத்தேன். கோழியைப் போட்டுக் கிளறினேன். துண்டுகள் வெள்ளையாக மாறி, ஓரம் சிவந்து, பார்க்க நன்றாக வந்தன. கோஸைக் கொட்டினேன். கொஞ்சமாகத்தான் இருந்தது. ஒரு முழுக் கோஸ் இவ்வளவுதானா என்று யோசித்தேன்.

அப்போது தீய்ந்த வாசனை வந்தது.

சட்டியைப் பார்த்தேன். எதுவும் தீயவில்லை. என் கண் முன்னே கோஸ் பச்சையாக வதங்கிக்கொண்டிருந்தது. வாசனை அதிகமாயிற்று. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "யார் வூட்லயோ தீயுதே, பார்க்கக் கூடாதா?" என்று கத்தினேன். புகை வந்தது. கண் எரிந்தது. திரும்பவும் சட்டியைப் பார்த்தேன். கோஸ், கோழி, எல்லாம் சரியாக இருந்தது. அந்தச் சில நிமிஷங்களைப் போல நான் எப்போதும் பயந்ததில்லை. வாசனைக்குப் பக்கம் கிடையாது. ஆனால் அது எதிலிருந்து வருகிறதோ அந்தப் பொருள் என் உலகத்திலேயே இல்லை.

பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்து அடுப்பை அணைத்தாள். சட்டியின் இடது பாதி முழுக்கக் கரியாகியிருந்ததாம். நறுக்கிய கோஸில் பாதி பலகையிலேயே கிடந்ததாம். சட்டி ஓரத்தில் பட்டு என் இடது மணிக்கட்டில் கொப்புளம். அதை என் கணவர் சாயந்திரம் கையைப் பிடித்துக் காட்டிய பிறகுதான் எரிய ஆரம்பித்தது.

"இனிமே நீ அடுப்பாண்ட போவாத" என்றார்.

"நான் இன்னா பண்ணேன்?" என்று கேட்டேன். நிஜமாகவே கேட்டேன்.

அவர் டிராக்டர் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, தரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். அவர் வேலைக்குப் போனால் நான் தனியாக இருக்க வேண்டும். போகாமல் இருக்கவும் முடியாது. இருந்தவளை நான் துரத்திவிட்டேன்.

ஒரு மாதம் ஆகும் முன்பே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். டாக்டர் எங்களைப் பயிற்சி அறைக்கு அனுப்பினார். அங்கே ஒரு பெண் இருந்தார். அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்குகிற பயிற்சியாளர். என் மகள் வயதுதான் இருக்கும். நடந்ததை எல்லாம் என் கணவர் சொன்னார். கறி விஷயத்தைச் சொல்லும்போது மட்டும் தயங்கினார். நானே சொன்னேன். "என் நாத்தனார் எனக்குக் கறி வெக்கல மேடம். அதான் நடந்துச்சு."

அவர் மறுத்துப் பேசவில்லை. ஒரு தட்டில் பிஸ்கட் வைத்துக் கொடுத்தார். "எல்லாத்தையும் சாப்பிடுங்க."

சாப்பிட்டேன்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"தட்டு காலியா?"

"காலி."

"உங்க வலது கையால தட்டைப் பிடிங்க. மெதுவா நீங்களே சுத்துங்க. நான் தொடல, பாருங்க." அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

சுற்றினேன். மூன்று பிஸ்கட்கள் வந்தன.

எங்கிருந்தோ நகர்ந்து வந்தன என்றுதான் சொல்ல வேண்டும். முதலில் ஒன்றின் ஓரம், பிறகு முழுதாக ஒன்று, பிறகு மற்ற இரண்டும். யார் வைத்தது என்று கேட்க வாயைத் திறந்தேன். அந்தப் பெண்ணின் கைகள் பின்னால் இருந்தன. என் கணவர் சுவரோரம் நின்றிருந்தார். தட்டைப் பிடித்திருந்தது என் கை. குற்றம் சொல்ல அங்கே யாரும் இல்லை.

திரும்பவும் சுற்றினேன். பிஸ்கட்கள் போய்விட்டன. மறுபடி சுற்றினேன். வந்தன. எத்தனை தடவை அப்படிச் செய்தேன் என்று தெரியாது.

"அஞ்சலை எந்தப் பக்கம் வச்சா?" என்று என் கணவரைக் கேட்டேன்.

அவர் என் தட்டை மனதில் வைத்துக்கொண்டு கையால் காற்றில் காட்டினார். சோறு நடுவில். கோஸ் வலது பக்கம். கறி இடது பக்கம். "ரசம் ஊத்தனா கறி நனையும்னு அந்தாண்ட தள்ளி வெப்பா. எப்பவுமே அப்டித்தான்" என்றார். அவருக்கும் அப்போதுதான் புரிந்தது.

பயிற்சியாளர் விளக்கினார். இடது பக்கம் இருட்டாகத் தெரியாது, மங்கலாகவும் தெரியாது. அப்படி ஒரு பக்கம் இருந்தது என்ற எண்ணமே வராது. அதனால் எதையும் இழந்ததாக நோயாளிக்குத் தோன்றாது. "நடந்த விஷயம் புரியலைன்னா மூளை சும்மா இருக்காதும்மா. காரணத்தை அதுவே கட்டிச் சொல்லிடும். நீங்க பொய் சொல்லல. நீங்க நம்பித்தான் சொல்லியிருக்கீங்க."

அது எனக்கு ஆறுதலாக இல்லை. அதுவரை எனக்குத் தெரிந்தது எல்லாம் சரி என்று நினைத்திருந்தேன். இப்போது எதைப் பார்த்தாலும், இதில் பாதி இல்லையோ என்ற கேள்வி. அறைக்கு எத்தனை கதவு? என் எதிரில் எத்தனை பேர்? பேருந்தில் வரும்போது என் கணவர் இடது பக்கம் உட்கார்ந்திருந்தார். அவர் ஏறாமல் விட்டுவிட்டாரோ என்று இரண்டு முறை பதறிக் கூப்பிட்டேன்.

பயிற்சி எளிமையானது. எளிமையானதைத்தான் செய்யவே முடியவில்லை. ஒரு தாளின் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்தார்கள். சிவப்பு கண்ணில் படும் வரை தலையைத் திருப்பிக்கொண்டே போக வேண்டும். பட்ட பிறகுதான் படிக்க ஆரம்பிக்க வேண்டும். 'மேரூர்' முதல் முறையாக 'உத்திரமேரூர்' ஆனபோது எனக்கு அழுகை வந்தது. ஆனால் அடுத்த வரிக்கு வந்ததும் கண் திரும்பவும் நடுவிலேயே நின்றது. ஒவ்வொரு வரிக்கும் புதிதாகத் திரும்ப வேண்டியிருந்தது. ஒரு தடவை கற்றால் போதும் என்பது இதில் இல்லை.

"வீட்டுல நீங்க தினம் செய்யற வேலை ஒண்ணை எடுத்துக்குங்க" என்றார் பயிற்சியாளர். "ஆரம்பம், முடிவு இருக்கற வேலை. பக்கத்துல ஆள் இருக்கணும்." நான் அந்தக் கோழி, கோஸ் சட்டியைத்தான் சொன்னேன். வேறு எதுவும் மனதில் வரவில்லை.

சட்டியின் இடது காதில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினோம். கையில் இடிக்கும் இடத்தில் இல்லாமல், தீக்கு எட்டாத உயரத்தில் முடிச்சுப் போட்டார் என் கணவர். காலையில் வேலைக்குப் போகும் முன், பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். நான் பலகையைச் சுற்றிச் சுற்றிக் கோஸ் நறுக்குவேன். கோழியைப் போட்டதும் வாய்விட்டு "இடது" என்று சொல்வேன். தலையைத் திருப்புவேன். சிவப்பு தெரிந்தால் அங்கிருந்து கிளற ஆரம்பிப்பேன். மறந்துவிட்டால் அவர் சொல்ல மாட்டார். ஸ்டூலைத் தட்டுவார். அப்படித்தான் செய்யச் சொல்லியிருந்தார்கள்.

பல நாள் பாதி கரிந்தது. கரிந்ததை அவர் தின்றார். "பேஜாரா கீதா?" என்று கேட்டேன். "பசிக்கு நல்லாத்தான் கீது" என்றார். ஒரு நாள் நான் எரிச்சலில் கரண்டியை வீசினேன். சிவப்பைப் பார்த்துவிட்டேன் என்று அடித்துச் சொன்னேன். பார்க்கவில்லை என்றார் அவர். யார் சொல்வது சரி என்று கண்டுபிடிக்க எனக்கு வழி இல்லை. அவர் சொல்வதை நம்பித்தான் ஆக வேண்டும். என் கண்ணை நம்பாமல் இன்னொருவர் வார்த்தையை நம்புவது எவ்வளவு கஷ்டம் என்று, இந்த நோயாளியைத் திட்டுகிறவர்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

அஞ்சலையைப் பார்க்கத் திருப்புலிவனம் போனோம். பைக்கில் என் கணவரின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனேன். அவள் கழனியிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் கொடுத்தாள். உட்காரச் சொன்னாள்.

"அண்ணன் போன்ல எல்லாம் சொல்லிச்சு" என்றாள். "சீக்குன்னு தெரியுது அண்ணி. தெரிஞ்சும் ஆற மாட்டேங்குது."

"தட்டுல இருந்தது எனக்குத் தெரியல அஞ்சலை. சத்தியமா தெரியல."

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லிட்டுப் போ. நான் துன்னுட்டேன்னு ஏன் சொன்ன? அது எங்கேந்து வந்துச்சு? நல்லா கீறப்பவே உன் மனசுல அது இருந்துச்சா?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்கலாம். அதற்குத்தான் போயிருந்தேன். ஆனால் அந்தச் சொல் வரவில்லை. எனக்குக் கல்யாணமான புதிதில் அவள் எங்களோடுதான் இருந்தாள். அப்போது என்னென்ன நினைத்தேன், எதை விழுங்கினேன் என்று இப்போது எப்படித் தெரியும்? இருந்ததைத்தான் நோய் வெளியே எடுத்துப் போட்டதா, இல்லாததை உண்டாக்கியதா?

"எனக்குத் தெரியல" என்றேன்.

அவள் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது பயிற்சியாளரிடம் இதைக் கேட்டேன். "அது ஸ்கேன்ல தெரியாதும்மா" என்றார்.

திருப்புலிவனம் போய் வந்து மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் கணவர் வெளியே டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். அதற்குள் அவர் கூப்பிடும் தூரத்தில் இருந்தாலே போதும் என்று ஆகியிருந்தது. கோழி சுண்டி வந்தது. "இடது" என்றேன். திரும்பினேன். சிவப்பு. அங்கிருந்து கிளறினேன். கோஸைக் கொட்டினேன். பலகையைச் சுற்றிப் பார்த்தேன். மிச்சம் இருந்தது, அதையும் கொட்டினேன். மூடினேன். திறந்தேன். "இடது" என்றேன்.

"இன்னா அண்ணி, சட்டி கூடப் பேசிக்கினு கீற?"

குரல் வந்தது. ஆளைக் காணவில்லை. வலது பக்கம் பார்த்தேன், பின்னால் பார்த்தேன். யாரும் இல்லை.

"இந்தாண்ட" என்றது குரல். "இன்னும் கொஞ்சம் திரும்பு. இன்னும் கொஞ்சம்."

திரும்பிக்கொண்டே போனேன். சுவர், அலமாரி, கதவுச் சட்டம், பிறகு அஞ்சலை. அவள் அங்கே வந்து வெகு நேரம் ஆகியிருந்தது. நான் கோழி போட்டதிலிருந்து நின்று பார்த்தாளாம். பேசாமல்தான் போக நினைத்தாளாம்.

"நான் இங்கியே நின்னுக்கினு கீறேன். நீ இந்தப் பக்கம் பார்த்த. மூஞ்ச நேரா பார்த்த. ஆனா பாக்கல" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. "அப்டியா கீது உனக்கு?"

"அப்டித்தான் கீது."

மூன்று பேரும் உட்கார்ந்தோம். அவளுக்கு நான் பரிமாறினேன். அவள் ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பே இல்ல" என்றாள்.

"டாக்டரு கம்மியா போடச் சொன்னாரு."

"அது உனக்கு. எனக்கு இன்னாத்துக்கு?" என்று சொல்லி உப்பு ஜாடியை எடுக்க எழுந்தாள். என் கணவர் சிரித்துவிட்டார். வெகுநாள் கழித்து வீட்டில் கேட்ட சிரிப்பு. இன்னொரு வாய் வைத்துவிட்டுச் சொன்னாள்: "கறி நல்லா வெந்திருக்குது. கோஸு இன்னும் ரெண்டு நிமிஷம் வுட்ருக்கணும்."

அவள் அன்றே போய்விட்டாள். மறுபடி வந்து தங்கவில்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாள். அந்தக் கேள்வியை அவளும் திரும்பக் கேட்கவில்லை, நானும் பதில் கண்டுபிடிக்கவில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி என்றால், தட்டைச் சுற்றி விடுங்கள். அவர்கள் கையாலேயே சுற்ற வையுங்கள். நீங்கள் எடுத்து வைத்தால் நம்ப மாட்டார்கள். பேசும்போது இடது பக்கத்திலிருந்து பேசுங்கள், ஆனால் திடீரென்று வேண்டாம். அவர்கள் சொல்லும் குற்றச்சாட்டுக்கு உடனே பதில் சொல்லாதீர்கள். கஷ்டம்தான். அஞ்சலையிடம் இதை யாராவது முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது பத்து மாதம் ஆகிறது. டாக்டர் நல்ல முன்னேற்றம் என்கிறார். கடிகாரத்தில் எட்டு வரை அதன் இடத்தில் எழுதுகிறேன். பிறகு குழம்புகிறேன். முன்பு ஒரு பார்வையில் முடிந்ததற்கு இப்போது இரண்டு பார்வை. உலகம் எனக்கு இரண்டு தவணையாக வருகிறது. வலது பக்கம் உடனே வரும். இடது பக்கம் நான் போய்க் கூப்பிட்டால் வரும்.

காலையில் விழிக்கும்போது, படுக்கையில் என் இடது பக்கம் ஒரு கை கிடக்கிறது. கொஞ்சம் குளிர்ந்திருக்கும். என் கணவரின் கை என்று நினைத்து வலது கையால் பிடித்துக்கொள்கிறேன். அவர் எப்போதோ எழுந்து வாசலுக்குப் போய்விட்டிருப்பார். பைக்கைத் துடைக்கும் சத்தம் கேட்கும். அப்படியானால் இது யாருடையது? முதல் மாதங்களில் பயந்து உதறியிருக்கிறேன். இப்போது உதறுவதில்லை. பிடித்தபடி படுத்திருக்கிறேன். மெல்ல அது சூடாகிறது. ஒரு விரல் அசைகிறது. அசைத்தது நான்தான் என்று தெரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். அதன் பிறகு எழுந்துகொள்வேன்.